மதிப்பெண் குறைந்தால் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று சொல்லும் மாணவிக்கு

சகோதரி, உங்கள் வேத வகுப்பில் இப்படிச் சொல்லும் அந்தப் பிள்ளையிடம் பிலிப்பியர் 4:13-ஐ ('என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு') சொல்லியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வசனத்தைத் தனியாகக் கொடுத்தால் தேர்வு வெற்றிக்கான வாக்குறுதியாகவே காதில் விழும். தோற்றவுடன் 'எனக்கு விசுவாசமும் இல்லை' என்ற பாரமும் சேர்ந்துகொள்ளும். முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே தாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார்.

அடுத்த வகுப்புக்கு லூக்கா 15:17-24 போதும்; சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பிவரும் இளைய மகனின் கதை அது. நாலு பேராக உட்கார வையுங்கள். இளைய மகன் புறப்படுமுன் யோசித்து வைத்த பேச்சு 18, 19-ஆம் வசனங்களில் இருக்கிறது. தகப்பனிடம் அவன் சொன்னது 21-இல். எது விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். 'கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்' என்ற பகுதி அங்கே இல்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பிள்ளைகளே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும்.

பிறகு, கடவுளிடம் தாங்கள் பிள்ளையாக இல்லாமல் கூலிக்காரராக நடந்துகொள்ளும் ஒரு இடத்தை ஆளுக்கொரு தாளில் எழுதட்டும். அதை வாங்கிப் படிக்கவும் வேண்டாம், சாட்சி சொல்லச் சொல்லவும் வேண்டாம்.

சபையில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் மேடையேற்றிப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தால் போதகரிடம் பேசுங்கள். வகுப்பில் கற்றதை அந்த ஐந்து நிமிடம் அழித்துவிடும்.

'வாழவே பிடிக்கவில்லை' என்று அந்த மாணவி சொன்னால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே பெற்றோரிடமோ மனநல ஆலோசகரிடமோ கொண்டுபோய்ச் சேருங்கள்.