ஒரே இனம், வேறு வேறு ரகம்

கேள்வி: மருந்துக் கடையில் வாங்கும் புரோபயாட்டிக் (நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா) பொட்டலங்களில் பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. பெயர் ஒன்றானால் பலனும் ஒன்றுதானே? இதை ஆராய 'மல்டி-ஓமிக்ஸ்' முறையும் கணினியும் எதற்கு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பலன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த எழுத்துகளும் எண்களும் ரகத்தைக் குறிப்பவை. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதும் அவற்றைத்தான். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்னும் இனத்தின் (2020-இல் இதன் பெயர் லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் என்று மாற்றப்பட்டது) இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். ஜிஜி என்பது, அமெரிக்க ஆய்வாளர்களான ஷெர்வுட் கோர்பாக், பேரி கோல்டின் ஆகியோர் 1980-களில் ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்தது. எல்சி705 பால்பொருள் தயாரிப்பில் பயன்படுவது. ஆரோக்கியமானவர்களிடம் நடத்திய சோதனையில், எல்சி705-ஐ விட ஜிஜி குடலில் அதிக நாள் தங்கியது.

காரணம் 2009-இல் தெரிந்தது. பின்லாந்து ஆய்வாளர்கள் தலா சுமார் 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட இரு ரகங்களின் மரபணுத் தொகுதிகளையும் கணினியில் ஒப்பிட்டபோது, செல்லின் மேற்பரப்பில் நுண்ணிய இழைகளை உருவாக்கும் மரபணுக்களின் ஒரு தொகுப்பு ஜிஜியில் மட்டும் இருந்தது. அவ்விழையிலுள்ள ஸ்பாசி என்ற புரதம் குடலின் சளிப்படலத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செயலிழக்கச் செய்ததும் பிடிப்பு போய்விட்டது. கணினி சுட்டிக்காட்டியதைச் சோதனைச்சாலையில் உறுதிசெய்த இந்தக் கடைசிப் படியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அது இல்லாவிட்டால் ஒப்பீடு வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

ஆனால் மரபணு இருப்பதாலேயே அது வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது. எந்த மரபணு இயங்குகிறது என்பதை அதன் நகலான ஆர்.என்.ஏ.வும், என்ன உருவானது என்பதைப் புரதங்களும், பாக்டீரியா எதை வெளியிடுகிறது என்பதை அமிலங்கள் முதலான வளர்சிதைமாற்றப் பொருட்களும் காட்டுகின்றன. இந்த அடுக்குகளைச் சேர்த்துப் படிப்பதே மல்டி-ஓமிக்ஸ். ஆயிரக்கணக்கான அளவீடுகளுக்கிடையே தொடர்பு காண்பது மனிதக் கண்ணால் ஆகாது என்பதால்தான் கணினி தேவைப்படுகிறது. ஒரு பாக்டீரியா எந்தச் சர்க்கரையில் வளரும், எந்த அமிலத்தைத் தரும் என்பதை வேதிவினைகளின் கணித மாதிரியால் முன்கூட்டியே கணிக்கவும் அது உதவுகிறது.

உண்பவரின் குடலும் ஒரு பொருட்டுதான். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 11 ரகங்கள் அடங்கிய கலவை சிலரின் குடலில் குடியேறியது, சிலரிடம் குடியேறவில்லை. எண்டோஸ்கோப் மூலம் குடலின் உட்பகுதியிலிருந்தே மாதிரி எடுத்ததால்தான் இது தெரிந்தது. மலப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால் தெளிவாகத் தெரிந்திருக்காது.

கேள்வி: அப்படியானால் வீட்டுத் தயிர்?
– அதே வாசகி

பதில்: நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் உறைமோரில் எந்த ரகம், எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறுவதால், ஜிஜி போன்ற ஒரு ரகத்துக்கு நிரூபிக்கப்பட்ட பலனைத் தயிருக்கும் உரியதாகச் சொல்ல இயலாது.