பக்கத்து அறையில் ஒரு பியானோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "அவருடைய மனைவி கிளாராவும் பியானோ வாசிப்பார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, இது நியாயமா? (வாசகி, மதுரை)

பதில்: நியாயமில்லை. மன்னிக்க வேண்டுகிறேன். அவர்களுக்குத் திருமணம் நடந்த காலத்தில் ஐரோப்பா முழுவதும் அறிந்திருந்த பெயர் கிளாராவுடையதே.

1819 செப்டம்பர் 13 அன்று லைப்சிக் நகரில் பிறந்தவர். நான்கு வயதுவரை பேச்சு வராததால் காது கேட்கவில்லையோ என்று வீட்டார் அஞ்சிய அந்தக் குழந்தை, ஒன்பதாவது வயதில், அந்நகரின் புகழ்பெற்ற கெவாந்த்ஹவுஸ் அரங்கில் மேடை ஏறியது. பியானோ ஆசிரியரும் பியானோ வியாபாரியுமான தந்தை ஃப்ரீட்ரிஷ் வீக்தான் குரு. நாள்தோறும் ஒரு மணி நேரப் பாடம், இரண்டு மணி நேரச் சாதகம், திறந்தவெளியில் நெடுநடை என்று வகுத்து வளர்த்தார். மகளின் நாட்குறிப்பைக்கூட, அவளே எழுதுவதுபோல "நான்" என்று போட்டுத் தம் கையால் எழுதி வந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்த ஆசிரியரின் திறமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெண் தன் பெயரில் தானே பேசுவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

1838-இல் வியன்னா அரசவை அவருக்குக் கலைஞர் பட்டம் அளித்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அடுத்த ஆண்டு தந்தை உடன் வராமல் பாரிஸ் சென்று, தம் கச்சேரிகளுக்கான ஏற்பாடுகளைத் தாமே கவனித்துக்கொண்டார். தந்தை மறுத்த திருமணத்துக்கு நீதிமன்றத்தில் அனுமதி பெற்று, இருபத்தொன்றாம் பிறந்த நாளுக்கு முந்தைய நாளில் ராபர்ட்டை மணந்தார். இசைக்குறிப்புத் தாளைப் பாராமல் நினைவிலிருந்தே வாசிக்கும் வழக்கம் மேடைகளில் வேரூன்றியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதை ஆணவம் என்று அன்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். பிராங்க்பர்ட்டில் 1891-இல் நடந்த கடைசிப் பொதுக் கச்சேரியோடு, அறுபது ஆண்டுகளைத் தாண்டிய மேடை வாழ்வு நிறைவுற்றது.

கேள்வி: அவ்வளவு திறமை இருந்தும் அவர் இசையமைப்பதை ஏன் நிறுத்திவிட்டார்? பெண்களுக்கு இசையமைக்க வராது என்று அவரே நம்பினாராமே? (வாசகர், திருச்சி)

பதில்: இருபது வயதில் நாட்குறிப்பில் ஏறக்குறைய அந்தப் பொருளில் எழுதினார் என்பது உண்மை. ஆனால் பதின்மூன்று வயதில் எழுதத் தொடங்கிய தம் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு), பதினாறு வயதில் இசையமைப்பாளர் மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, லைப்சிக் மேடையில் தாமே வாசித்தவர்தான் அப்படி எழுதினார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் நடுப்பகுதியில் இசைக்குழு முழுவதும் வாய்மூடி நிற்க, பியானோவும் ஒரே ஒரு செல்லோவும் (வயலின் குடும்பத்தின் பெரிய, கனத்த குரல் கொண்ட கருவி) மட்டும் உரையாடுகின்றன. பதின்ம வயதில் இப்படி ஒரு துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

உண்மையான தடை வீட்டுச் சுவரில் இருந்தது என்பது என் கருத்து. திருமணமான புதிதில் குடியிருந்த லைப்சிக் வீட்டின் சுவர்கள் மெல்லியவை; கணவர் இசையமைக்கும் நேரத்தில் பக்கத்து அறையில் கிளாரா பியானோவைத் தொட முடியாது. சாதகம் நாட்கணக்கில் தடைப்படுவதைத் தம்பதியர் இருவரும் எழுதிய நாட்குறிப்பிலேயே பதிவு செய்திருக்கிறார். டியூசல்டார்ப் நகரில் பின்னர் குடிபுகுந்த வீட்டில்தான், கணவர் காதில் விழாத தொலைவில் அவருக்கென்று ஓர் அறை அமைந்தது. அங்கே 1853-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் பியானோ மாறுபாடுகள் (ஒரே மெட்டைப் பலவிதமாக மாற்றி வாசிப்பவை), பியானோ ரொமான்ஸ்கள் (பாட்டுப் போன்ற சிறு படைப்புகள்), வயலினுக்கான மூன்று ரொமான்ஸ்கள், ஆறு பாடல்கள் என்று நான்கு படைப்புகள் அடுத்தடுத்துப் பிறந்தன. திறமை வற்றியவருக்கு ஒரே கோடையில் இவ்வளவு வராது.

அடுத்த பிப்ரவரியில் ராபர்ட் மனநோயின் கொடுமையில் ரைன் நதியில் குதித்தார். மீட்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூனில் கடைசிக் குழந்தை பிறந்தது. ஏழு பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டிய தாய், நண்பர்கள் நீட்டிய பண உதவியைத் தவிர்த்துவிட்டு, அந்த இலையுதிர் காலத்திலேயே கச்சேரிப் பயணம் புறப்பட்டார். கச்சேரி வருமானம் கையோடு வந்தது. இசையமைத்தால் அன்று அப்படி வராது. 1856-இல் கணவர் மறைந்தபின் மிகச் சிலவற்றைத் தவிர அவர் புதிதாக எதையும் எழுதவில்லை.

கேள்வி: ஆசிரியராக அவர் எப்படி? (இசை மாணவி, சென்னை)

பதில்: கண்டிப்பானவர். 1878-இல் பிராங்க்பர்ட்டின் ஹோக் இசைப்பள்ளியில் முதன்மைப் பியானோ ஆசிரியராகச் சேர்ந்தபோது, நாளுக்கு ஒன்றரை மணி நேரமே வகுப்பு, அதுவும் தம் வீட்டில், கச்சேரிக்குப் போக விடுப்பு என்று தம் நிபந்தனைகளை வைத்தே சேர்ந்தார். 1892 வரை கற்பித்தார்; மகள்கள் மரீயும் ஒய்கேனியும் உதவினார்கள். விரல்கள் பியானோவின் கட்டைகளை ஒட்டியே இருக்க வேண்டும், அடிக்கக் கூடாது, அழுத்த வேண்டும். விரைவான இடத்திலும் ஒவ்வொரு சுரமும் பாட வேண்டும். எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். இதுவே அவருடைய பாடாந்தரம். அவருடைய மாணவி ஃபேனி டேவிஸ், ராபர்ட்டின் பியானோ கான்செர்ட்டோவை 1928-இல் இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். சாதகத்துக்கு உட்காரும் முன் அதை ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: அவருடைய இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? (வாசகர், சேலம்)

பதில்: பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக 1846-இல் எழுதிய பியானோ டிரியோவின் மூன்றாம் பகுதியிலிருந்து. முதலில் பியானோ தனியாகப் பாடுகிறது; அதே மெட்டை வயலின் வாங்கிக்கொள்கிறது; செல்லோ தன் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறது.