தெருவில் யாரையும் தெரியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சென்னையிலிருந்து வந்து, மதுரை திருப்பாலைப் பக்கம் ஒரு விரிவாக்கப் பகுதியில் வீடு கட்டிக் குடியேறி ஒன்பது மாதம் ஆகிறது. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். நானும் மாமியாரும் ஆறு வயது மகனும்தான் இங்கே இருக்கிறோம். சென்ற மாதம் நள்ளிரவில் மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது 108-ஐ அழைத்துவிட்டேன். ஆனால் மகனை யாரிடம் விட்டுச் செல்வதென்று தெரியாமல் தவித்தேன். தெருவில் பதினான்கு வீடுகள் இருந்தும் ஒருவரையும் பழக்கமில்லை. வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்வதா, வாட்ஸ்அப் குழு தொடங்குவதா, சங்கம் அமைப்பதா?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மதுரையின் பழைய நகர்ப்பகுதியான மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில், ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட வளவு வீடுகளில், பழக வேண்டும் என்று யாரும் திட்டமிட்டுப் பழகவில்லை. குடத்தோடு தினமும் வரிசையில் நின்றதால் பழகினார்கள். அமெரிக்காவில் மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1950-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: யார் யாருடன் நட்பானார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை மாடிப்படியும் கதவுகளுக்கிடையே இருந்த தூரமும்தான். உங்கள் தெருவிலோ வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறும் ஆளுயரச் சுற்றுச்சுவரும் இருக்கும். எனவே குறை உங்களிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை.

ஆகவே, தெருவில் ஆட்கள் வெளியே வரும் நேரங்களைக் கவனித்து, அதே நேரத்தில் நீங்களும் வாசலில் நில்லுங்கள். குப்பை வாளியைக் கேட்டில் தொங்கவிடாமல், வண்டி வரும்போது நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மாலையில் பூ விற்கும் அம்மா வந்தால், நாலு முழம் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் முதியவர் படுக்கையில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், உங்களைப் பற்றி நாலு வீட்டில் சொல்லப்போவதும் அவர்தான்.

முகம் பழகியபின் இனிப்புப் பெட்டியோடு போகாதீர்கள். ஒரு சிறு உதவி கேட்டுப் போங்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்கலாம், மோட்டார் பழுது பார்ப்பவர் யார் என்று விசாரிக்கலாம். கொடுக்கப் போகிறவரை மரியாதையோடு வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள், கேட்டு வந்தவருக்கோ கதவு திறக்கும். அடுத்த வாரம் கிண்ணத்தில் பாயசம் கொடுத்தனுப்பினால், அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. இரண்டு முருங்கைக்காயாவது அதனுடன் வரும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது’ என்று தொடர்ந்து கேட்கப்பட்டால், அது பல நேரங்களில் சாதியை அறியும் சுற்றுவழி. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, தெருவிளக்குக்கோ தண்ணீருக்கோ பேச்சை மாற்றிவிடுங்கள். நீங்களும் அக்கேள்விகளை யாரிடமும் கேட்காதீர்கள்.

உங்கள் உடனடித் தேவைக்குப் பதினான்கு வீடுகள் வேண்டியதில்லை. எதிர்வீடும் பக்கத்து வீடுமாக இரண்டு போதும். ஓரளவு பழகியதும், சுற்றி வளைக்காமல், ‘அக்கா, அத்தைக்கு ராத்திரியில் மறுபடியும் முடியாமல் போனால் பையனை உங்களிடம் விட்டுப் போகலாமா? எந்த நேரமானாலும் கூப்பிடலாமா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். சம்மதித்தால், மாமியாரின் மருந்துப் பெயர்கள், மருத்துவரின் எண், கணவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, மகனையும் அவ்வீட்டில் சில மாலைகள் விளையாட விடுங்கள். பழகாத வீட்டில் நள்ளிரவில் குழந்தை தங்காது. அவர்கள் ஊருக்குப் போகும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் பார்சல் வாங்கி வைப்பதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழு இதற்குப் பிறகுதான். முகம் தெரியாதவர்களின் குழு, காலை வணக்கப் படங்களில் தொடங்கி நாய்ச் சண்டையில் முடியும்.

தெரு முழுவதும் பழக, ஒரு நாளில் முடியும் பொது வேலை ஒன்று தேவை. சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் மூன்றுமாவடி உங்களுக்கு வெகுதூரம் அல்ல; அந்த நாட்களில் தெருமுனையில் ஒரு நீர்மோர்ப் பந்தல் போடலாம். ஒருவர் தயிர், ஒருவர் இஞ்சியும் மல்லித்தழையும், ஒருவர் தண்ணீர் கேன் என்று பொருளாகப் பகிர்ந்தால் பணவசூல் இராது, கணக்குத் தகராறும் வராது. கோயில் சார்ந்த நிகழ்வில் சேரத் தயங்கும் வீடுகள் இருந்தால், வாய்க்கால் தூர்வாருவதையோ மரக்கன்று நடுவதையோ தேர்ந்தெடுங்கள்.

சாலை, சாக்கடை என்று மாநகராட்சியிடம் தொடர்ந்து பேசவேண்டிய நிலை வந்தால் சங்கம் பயன்படும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் உண்டு என்பதால், அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள். பதிவு இல்லாமலேயே வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து கோரிக்கை வைக்கலாம். உங்கள் மனை ஊராட்சி எல்லைக்குள் வந்தால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்குச் செல்லுங்கள்.