துறைச் சாதனைப் பக்கம்: பதக்கம் இல்லாவிட்டால் என்ன எழுதுவது?

வணக்கம். கல்லூரி ஆண்டு மலருக்கு உங்கள் சுற்றுச்சூழல் துறையின் சாதனைகளைத் தொகுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பதக்கமோ விருதோ ஒன்றும் சிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பதக்கத்தைத் தேடாதீர்கள், செய்த வேலையைத் தேடுங்கள்.

சென்னையில் 1988-இல் மாணவர்கள் தொடங்கியதுதான் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு. பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இன்றும் அது நடக்கிறது, எவ்வளவு பெரிய விஷயம்! அன்று அந்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ஈரநிலங்களைக் காப்பவர்களுக்கான சர்வதேச ராம்சர் விருது வந்தது 2025-இல்தான். விருது எப்போதுமே தாமதமாகத்தான் வரும்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருவோம். பழைய மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் யாராவது இருப்பார்கள், பள்ளியில் கற்பிப்பவர் இருப்பார். ஆசிரியர்களிடம் எந்த ஏரியில் நீர் மாதிரி எடுத்தார்கள், அதை வைத்து என்ன மாறியது என்று கேளுங்கள். அப்புறம், ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஊரும் ஆண்டும் மறக்காமல் போடுங்கள்.