காது மெஷின்: போனில் எது முடியும், எது முடியாது?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மதுரையில் வாங்கிய காது மெஷின், காதுக்குப் பின்னால் மாட்டி, காதுக்குள் மோல்டு (காது அளவுக்கு வார்த்த அச்சு) வைப்பது. ஒரு மாதமாக ‘கீ’ என்று விசில் அடிக்கிறது. சத்தமும் குறைந்துவிட்டது. மதுரைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடுகிறது. போன் வழியே செட்டிங் மாற்றிச் சரிசெய்ய முடியுமா?
வாசகி, பாம்பன்

பதில்: முடியும், ஆனால் அவசரப்பட வேண்டாம். விசிலை நிறுத்த சத்தத்தைக் குறைத்தால் விசில் நின்றுவிடும். அப்பாவுக்கு இன்னும் கேட்காமல் போகும். முதலில் விசில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மெஷினை ஆன் செய்தபடியே கழற்றி, மோல்டு முனையில் உள்ள ஓட்டையை விரலால் இறுக்கி அடையுங்கள். விசில் நின்றால் மெஷினும், அதை மோல்டோடு இணைக்கும் டியூபும் நன்றாக இருக்கின்றன. மோல்டு தளர்ந்திருக்கிறது, சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. நிற்காவிட்டால் டியூபைக் கழற்றி, மெஷினின் கொக்கி (டியூப் மாட்டும் வளைந்த முனை) ஓட்டையை அடைத்துப் பாருங்கள். இப்போது நின்றால் டியூபில் கீறல். அப்போதும் அடித்தால் கொக்கியிலோ உள்ளேயோ கோளாறு, கடைக்குத்தான் போக வேண்டும்.

டியூபை வளைத்துப் பாருங்கள். மஞ்சளடித்து விறைத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. டியூபுக்குள் முத்து முத்தாக நீர் நின்றாலும் சத்தம் அடைபடும். ரப்பர் பம்பால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம் சேரும். மோல்டை மட்டும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, இரவு முழுக்க உலர்த்தி மாட்டுங்கள்.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் பேட்டரிக் கதவைத் திறந்து பார்ப்பதும் அவசியம். தகட்டில் பச்சை படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடி சிலிக்கா மணி போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வையுங்கள். மணியின் நிறம் மாறினால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது. புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாதீர்கள், 3 நிமிடமாவது காற்றில் வையுங்கள். அது காற்றை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்யும். ஸ்டிக்கர் நீலம் என்றால் 675, ஆரஞ்சு 13, பழுப்பு 312, மஞ்சள் 10. கடையில் நிறத்தைச் சொன்னாலே போதும்.

இவ்வளவையும் வீடியோ காலில் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைப் பொருத்தித் தருபவர்) பார்த்தபடியே செய்யலாம். மெஷினை வெளிச்சத்தில், வெள்ளைத் துணிமேல் வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஆப் வழியாக மெஷின் செட்டிங்கை மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?
வாசகர், கீழக்கரை

பதில்: மெஷினில் ப்ளூடூத் இருக்க வேண்டும், வாங்கிய இடத்தில் உங்கள் மெஷினை இந்தச் சேவையோடு இணைத்தும் தந்திருக்க வேண்டும். அன்று புதுப் பேட்டரி போடுங்கள், சார்ஜ் மெஷின் என்றால் முழு சார்ஜ். போன் கையெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். செட்டிங் பதிவாகும்போது சில நொடி சத்தம் நின்றுபோகலாம். பயந்து மெஷினைக் கழற்றிவிடாதீர்கள். டவர் நன்றாக எடுக்கும் இடத்தில் உட்காருங்கள்.

அதைவிட முக்கியம், நீங்கள் சொல்லும் குறை. “சரியில்லை” என்றால் எதை மாற்றுவது? “என் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கிறது”, “பாத்திரம் வைத்தால் காதில் குத்துகிறது”, “மீன் ஏலத்தில் பக்கத்து ஆள் பேச்சு புரியவில்லை” என்று ஒரு வாரம் எழுதிவைத்துச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்ற வேண்டிய இடம் வேறு. வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் விட்டுப்போன பேச்சை எடுத்துச் சொல்வார்.

கேள்வி: தம்பி சங்கு குளிப்பவன். குளித்து ஏறியதிலிருந்து ஒரு காது அறவே கேட்கவில்லை. வீடியோ காலில் டாக்டரிடம் காட்டினால் போதுமா?
வாசகர், பெரியபட்டினம்

பதில்: போதாது. இந்தப் பதில் அச்சேறும் வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறோம். நீரின் அழுத்தத்தில் காது ஜவ்வு கிழிந்திருக்கலாம், உள்காது பாதித்திருக்கலாம். உள்ளே பார்க்காமல் பிரித்தறிய முடியாது. போன் கேமரா அங்கே போகாது. உள்காது என்றால் மருந்து தொடங்குவது நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். எண்ணெய், சொட்டு மருந்து எதுவும் விடக்கூடாது. டாக்டர் சொல்லும்வரை கடலில் இறங்கக்கூடாது. தலைசுற்றல், சீழ், முகம் ஒருபக்கம் இழுப்பது, இவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: அரசு கொடுத்த இலவச மெஷினுக்கும் போன் உதவி கிடைக்குமா?
வாசகி, தொண்டி

பதில்: ப்ளூடூத் இல்லாத மெஷின் என்றால் செட்டிங் மாற்ற நேரில்தான் போக வேண்டும். மேலே சொன்ன விரல் சோதனையும் டியூப், பேட்டரி சோதனையும் அதற்கும் பொருந்தும். பழுது என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டையோடு மோல்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். மோல்டு இல்லாமல் மெஷினை மட்டும் கொடுத்தால் விசில் எங்கிருந்து வருகிறது என்று அவர்களால் பார்க்க முடியாது.