இருட்டில் வைத்த செடி ஏன் உயரமாக வளர்ந்தது?

கேள்வி: என் மகள் பள்ளிச் செயல்திட்டத்துக்காக இரண்டு டம்ளர்களில் பச்சைப்பயறு விதைத்தாள். ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று மூடிய அலமாரிக்குள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அலமாரிச் செடிதான் இரண்டு மடங்கு உயரம்! செடி வளர வெளிச்சம் தேவையில்லை என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். அதற்காக அந்த அளவுகளை அழித்துவிடவும் வேண்டாம், அவை சரியானவைதான். உயரத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

அலமாரிச் செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு வெளுத்து, நூல் மாதிரி மெலிந்திருக்கும். நுனி கொக்கி போல வளைந்திருக்கும். இலை விரியாமல் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்கடியில் கிடக்கும் முளை எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படித்தான் இதுவும் நடந்துகொள்கிறது. வெளிச்சம் படும்வரை இலைக்குச் செலவழிக்காமல், இருப்பதையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே போடும். அந்த நீளத்தில் பெரும்பகுதி, செல்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு நீள்வதால் வருவது. பச்சையம் உருவாவதன் கடைசிக் கட்டங்களில் ஒன்றுக்கு வெளிச்சம் கட்டாயம் என்பதால்தான் பச்சை நிறமும் இல்லை.

சரி, சாப்பாடு எங்கிருந்து வந்தது? விதைக்குள் இருந்த இரண்டு வித்திலைகளிலிருந்து. அந்தச் சேமிப்பு கரையக் கரைய அவை சுருங்கி உதிரும். ஒரு வாரத்தில் சோதனையை முடித்தால் நீங்கள் பார்ப்பது விதையின் கையிருப்பைத்தான். இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். அலமாரிச் செடி துவண்டு சாயும், ஜன்னல் செடி புது இலை விடும்.

ஸ்கேலைவிட நம்பகமானது தராசு. டம்ளருக்கு 20 விதையாவது போடுங்கள். விதைக்கும் முன்பே அவற்றை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு செடியின் எடையைச் சமையலறைத் தராசு காட்டாது. நகை எடைபோடும் சின்னத் தராசு கிடைத்தால் நல்லது. கடைசியில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, எடை மேலும் குறையாத அளவுக்குக் காயவைத்து நிறுங்கள். இருட்டில் வளர்ந்தவை, போட்ட விதைகளைவிடவே எடை குறைந்திருக்கும்! சுவாசிப்பதில் சேமிப்பு கரைகிறது, புதிதாக எதுவும் சேரவில்லை. நான் ஆசிரியராக இருந்தால் இந்த ஒரு எண்ணுக்கே முழு மதிப்பெண் போடுவேன்.

அலமாரி அவ்வளவு நல்ல இடமில்லை. அங்கே வெப்பம் வேறு, காற்றோட்டம் வேறு. ஈரமும் சீக்கிரம் காயாது. பிறகு வித்தியாசம் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? இரண்டு டம்ளரையும் நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றை மட்டும் அட்டைப்பெட்டியால் மூடுங்கள். பெட்டியின் இடுக்குகளில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். தண்ணீரை ஊற்றாமல், மண் ஒரே ஈரத்தில் இருக்குமாறு தெளியுங்கள். அதுவும் இரவில், விளக்கை அணைத்துவிட்டு. தினமும் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையைத்தான் அடக்க வேண்டும். முளைகளுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும், போக்கை மாற்றிக்கொள்ளும்.

கூடுதலாக ஒன்று செய்யலாம். பெட்டிக்குள் மூன்றாவதாக ஒரு டம்ளரையும் வைத்து, ஒரு வாரம் கழித்து அதை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். சில மணி நேரத்திலேயே கொக்கி நிமிரத் தொடங்கும், ஓரிரு நாளில் இலை பச்சை பிடிக்கும். அந்த மாற்றத்தை மணிக்கொரு முறை போட்டோ எடுத்துச் செயல்திட்டத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.