செட்டிநாட்டுச் சரளைப் பாதைகளில் கிராவல் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீலகிரிச் சாலைகளில் ஓட்டிப் பழகியவன் நான். மலையே இல்லாத செட்டிநாட்டில் கிராவல் சைக்கிளுக்கு என்ன வேலை? – கோயம்புத்தூர் வாசகர்

கிராவல் சைக்கிள் என்பது சரளை, மண் பாதைகளில் ஓட்டுவதற்கான அகல டயர்ச் சைக்கிள். கொண்டை ஊசி வளைவுகள் இங்கே கிடையாது என்பது உண்மை. ஆனால் தரை தட்டையானதும் அன்று. காரைக்குடியிலிருந்து மேற்கே போகப் போக, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று பாறைக் குன்றுகள் தலைகாட்டத் தொடங்கி, சிங்கம்புணரிக்கு அப்பால் பிரான்மலையில் முழு மலையாகவே எழுந்து நிற்கின்றன. இடைப்பட்ட நிலம் செம்புறாங்கல் மேடும் கண்மாய்ப் பள்ளமுமாக மாறி மாறி வருவதால், ஏற்றங்கள் சிறியவையாக இருந்தாலும் கால்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. பாரியின் பறம்பு மலை என்று போற்றப்படும் பிரான்மலையின் அடிவாரம் வரை சைக்கிளில் சென்று, கொடுங்குன்றநாதரைத் தரிசித்துவிட்டு, மேலே நடந்து ஏறுவதுதான் முறை. குன்றக்குடியிலும் சண்முகநாதர் சன்னதிக்குப் படியேறித்தான் போக வேண்டும்.

இந்தப் பகுதியில் உங்களைச் சோதிப்பவை முள், மணல், வெயில், தண்ணீர் ஆகிய நான்கும்தான். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இவற்றைப் பற்றியவையாகவே இருக்கும்.

முதல் நாளுக்கு ஒரு வழி சொல்லுங்கள். பழைய ஊர்களையும் பார்க்க வேண்டும். – சென்னை வாசகர்

காரைக்குடியில் தொடங்கி, கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் சென்று, அங்கிருந்து கடியாபட்டியைத் தொட்டுத் திருமயம் போய், திரும்பும்போது ஆத்தங்குடி வழியாக வந்தால், ஒரு முழுப் பகலுக்கு ஏற்ற சுற்று அமையும். திருச்சி நெடுஞ்சாலையில் கூடுமான வரை ஏறாதீர்கள். ஊருக்கு ஊர் இணைக்கும் வண்டிப்பாதை எது என்பதைத் தேநீர்க் கடையில் கேட்டால், கைப்பேசி வரைபடத்தில் இல்லாத வழியையும் சொல்லித் தருவார்கள்.

திருமயத்தில் அவசரப்பட வேண்டாம். 1687ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டை குன்றின் மேல் இருக்க, அதே குன்றின் சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் அமைந்துள்ளன. கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் நீங்கள் வந்த பாதையின் அமைப்பு முழுவதும் விளங்கும்: சிவந்த மேடு, அதன் கீழே கண்மாய், கண்மாயை ஒட்டி ஊர், மறுபடியும் மேடு.

ஆத்தங்குடியில் ஏதேனும் ஒரு தளக்கல் பட்டறையில் அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமென்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சை மேலே தூக்கிவிட்டு, அதன் மீது உலர்ந்த கலவையைத் தூவிப் பின்னர் காரையை நிரப்புகிறார்கள். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் கிடந்தே இறுகுகிறது. கண்ணாடி தந்த வழவழப்புதான் அதன் மெருகு.

என்ன டயர், எவ்வளவு காற்று? சென்ற முறை வந்தபோது ஒரே நாளில் மூன்று பஞ்சர். – பெங்களூரு வாசகர்

உங்களைத் துன்புறுத்தியது சரளைக்கல்லாக இருக்காது. சீமைக் கருவேல முள்ளாகத்தான் இருக்கும். கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் அது புதராக மண்டிக் கிடக்கிறது. வேலிக்கு வெட்டிக் கொண்டுபோகும் கிளைகளிலிருந்து பாதையெங்கும் முள் உதிர்கிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே 40 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டியூப்லெஸ் டயரையே போடுங்கள்; மணல் மிகுந்த தடங்களுக்கு 45 இன்னும் நல்லது. எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று தொடங்கி, தம் எடைக்கும் ஓட்டும் பாங்குக்கும் ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். நம் வெயிலில், துளையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் குளிர் நாடுகளில் இருப்பதைவிட விரைவாகக் காய்ந்துவிடும். புட்டியில் எத்தனை மாதம் என்று போட்டிருந்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்புவதே பாதுகாப்பு.

முள் தைத்துவிட்டால் அதைப் பிடுங்கிய உடனே அந்தத் துளை தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே வந்து தேங்கித் துளையை அடைக்கும். அடைபடாவிட்டால், துளையை அடைக்கும் ரப்பர்த் துண்டான பிளக் ஒன்றைச் செருகுங்கள். அதுவும் பலிக்காமல் உள்ளே டியூப் போட நேர்ந்தால், பலர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. சீலன்ட் அடைத்துவைத்திருந்த பழைய முட்களின் முனைகள் டயரின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். அவை புது டியூபை அடுத்த கிலோமீட்டரிலேயே குத்திவிடும். ஒரு துணியை உள்ளே விட்டுச் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்த பிறகே டியூபை வையுங்கள்.

ஊர்ப் பஞ்சர்க் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள், டியூபில் ஒட்டுப் போட்டுத் தந்துவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய பம்பு உங்கள் சைக்கிளில் இருக்கும் பிரெஸ்டா என்ற மெல்லிய வகை வால்வில் பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டால், பெட்ரோல் பங்கிலும் காற்று நிரப்பிக்கொள்ள முடியும்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 28 அங்குலச் சாதாரணச் சைக்கிள்தான். அதில் போகலாமா? – தேவகோட்டை வாசகர்

தாராளமாகப் போகலாம். அந்தச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயர், இன்றைய கிராவல் டயருக்கு ஏறக்குறையச் சமமான அகலம் கொண்டது. இந்தப் பாதைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடியதும் அதுதான். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றி, சங்கிலிக்கு எண்ணெயிட்டுக்கொள்ளுங்கள். பிரான்மலைப் பக்கம் மட்டும் இறக்கங்களில் வேகம் எடுக்கவிடாதீர்கள்.

எந்த மாதங்களில் வருவது நல்லது? – சேலம் வாசகர்

மார்கழி, தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் இந்தக் காலத்தில் காலை வேளை குளுமையாக இருக்கும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிச் சரணாலயத்தில் பறவைகளும் வந்திறங்கியிருக்கும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி வழியாகச் செல்லும்போது, கூட்டமாக வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்திலேயே வருபவர்கள் மண்ணின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். செம்புறாங்கல் சரளை தண்ணீரை உடனே வடியவிட்டு, மழை நின்ற சில மணி நேரத்தில் ஓட்டத்தக்கதாகிவிடும். கண்மாயின் உள்வாயில் இருக்கும் வண்டலோ சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சைக்கிளை நகரவிடாது. கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழிந்தோடும்போது, ஆழம் கணுக்கால் அளவே இருந்தாலும், பாசி பிடித்த கல்லின் மேல் ஓட்டிக் கடக்காதீர்கள். நனைந்து இளகிய கண்மாய்க் கரையின் மேலும் ஓட்ட வேண்டாம். சக்கரம் பதிந்த தடத்தில் அடுத்த மழையின் நீர் ஓடிக் கரையை அரிக்கும். அந்தக் கரையை நம்பித்தான் கீழே நெல் நிற்கிறது.

பொங்கலையொட்டிச் சிறாவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் அந்தப் பக்கமே வழி அடைத்துக் கிடக்கும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் சாலை ஓரத்தை நிறைத்திருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகச் செல்லுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் விடியுமுன் கிளம்பிப் பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். சித்திரையில் நுங்கு கிடைக்கும்.

பெரிய வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாமா? – புதுச்சேரி வாசகர்

சில வீடுகளைக் கட்டணத்துக்குத் திறந்து காட்டுகிறார்கள். சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. மற்றவை பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் எல்லோரும் கூடும் நாட்கள் தவிர, பெரும்பாலும் காவலாள் ஒருவரின் பொறுப்பிலேயே இருப்பவை. அவரை வற்புறுத்திக் கதவைத் திறக்கச் சொல்வது, அவருடைய வேலைக்கே ஆபத்தாக முடியலாம். வாசலில் இறங்கி, வணக்கம் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் முகப்பைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள். அனுமதி கிடைத்தால் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். சைக்கிள் ஷூவின் அடியில் இருக்கும் இரும்புப் பட்டை ஆத்தங்குடிக் கல்லிலும் பளிங்கிலும் ஆறாத கீறலை உண்டாக்கிவிடும். சைக்கிளைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பர்மாத் தேக்கில் விழுந்த வடுவை இழைத்துச் சீராக்கும் ஆசாரிமார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

ஊருணியில் இறங்கிச் சைக்கிளைக் கழுவிய எங்கள் குழுவினரை ஊர்க்காரர்கள் கடிந்துகொண்டார்கள். அவ்வளவு பெரிய குற்றமா? – மதுரை வாசகர்

ஆம். ஊருணி என்பது குடிநீருக்காக ஊரார் வெட்டிக் காத்துவரும் குளம். தெருக்களில் விழும் மழைநீர் கால்வாய்கள் வழியாக அதில் போய்ச் சேரும்படி திட்டமிட்டே இந்த ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள். சங்கிலி எண்ணெய் ஒரு சொட்டுக்கூட அதில் கலக்கக் கூடாது. செம்மண் தூசியைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, சங்கிலியைத் துணியால் துடைத்தாலே போதுமானது. மெழுகு வகை எண்ணெய் போட்டிருந்தால் தூசி ஒட்டுவதும் குறையும்.

ஐயனார் கோயில் காடுகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. மண் குதிரைகள் நிற்கும் பாதைக்குள் சைக்கிளை ஓட்டிச் செல்லாமல், வெளியே நிறுத்திவிட்டு வெறுங்காலுடன் நடந்து செல்லுங்கள்.

இத்தாலியில் பழைய சரளைச் சாலைகளைப் பாதுகாக்கிறார்களாமே. இங்கே எல்லாவற்றுக்கும் தார் போட்டுவிடுகிறார்களே? – திருச்சி வாசகர்

டஸ்கனிப் பகுதியின் கையோலே என்ற ஊரில் 1997இல் தொடங்கிய எரோய்க்கா சைக்கிள் விழாவை நீங்கள் சொல்கிறீர்கள். 1987க்கு முந்தைய சைக்கிள்களில் வெள்ளைச் சரளைச் சாலைகள் வழியே ஓட்டும் அந்த விழா, அச்சாலைகள் காப்பாற்றப்பட வேண்டும் என்ற கருத்தை வளர்த்தது உண்மை. ஆனால் நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் தார்ச்சாலை வேண்டும் என்று ஒரு கிராமம் கேட்பதை, விடுமுறைக்கு வரும் நாம் குறை சொல்ல முடியாது. நாம் கவலைப்பட வேண்டியது, ஊர் வரைபடத்தில் வண்டிப்பாதை என்று பதிவாகியிருந்தும், மாட்டுவண்டி ஓடாததால் கருவேலம் மூடி மறைந்துவரும் தடங்களைப் பற்றித்தான். அத்தகைய பாதையில் அடிக்கடி ஓட்டுங்கள். குறுக்கே சாய்ந்த கிளையை ஊராரிடம் சொல்லிவிட்டு வெட்டி ஓரமாகப் போடுங்கள். போகும் வழியைப் பதிவுசெய்து ஊராட்சித் தலைவரிடம் கொடுங்கள்.

சைக்கிளை ரயிலில் கொண்டுவர முடியுமா? – தாம்பரம் வாசகர்

முடியும். சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பல்லவன் விரைவு ரயில் காரைக்குடியோடு நின்றுவிடுவதால், இறக்குவதற்குப் போதிய நேரம் கிடைக்கும். ஓரிரு நிமிடமே நிற்கும் இடைநிலையங்களை நம்ப வேண்டாம். பார்சல் அலுவலகத்துக்கு முன்கூட்டியே சென்று பதிவு செய்யுங்கள். பெடல்களைக் கழற்றிக் கைப்பையில் வைத்து, பிரேக் டிஸ்க்குகளுக்கு அட்டை கட்டி, கியர் மாற்றி இருக்கும் பக்கம் அடியில் படாதவாறு ஏற்றச் சொல்லுங்கள்.